மயிலாப்பூரில் கிடைக்காத கறி

மயிலாப்பூர் மாட வீதிகளில் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு என்று யாரேனும் சொன்னால், மயிலாப்பூர்வாசிகளாகிய நமக்குக் கோபம் வருவது இயற்கை. கொலுப் பொம்மை முதல் கொட்டைப் பாக்கு வரையில், தாழம்பூ முதல் தர்ப்பைக் கட்டு வரையில், கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்தால் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்பது நம்முடைய பரம்பரை நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குச் சென்ற ஆடி மாதத்தில் ஒரு பெரிய சோதனை வந்தது. அதைக் கொண்டு வந்தவர், பினாங்கிலிருந்து வந்து நம் எதிர் வீட்டில் குடியேறிய ஓர் அம்மாள்.

அறுபது வயதைக் கடந்தவர். பாட்டனார் காலத்தில் கப்பலேறிப் போன தமிழ்க் குடும்பம். பிறந்தது, வளர்ந்தது, மணந்தது எல்லாம் பினாங்கில்தான். மகனுக்குச் சென்னையில் உத்தியோகம் கிடைத்தபடியால், வைகாசி மாதத்தில் பெட்டி படுக்கைகளுடன் இங்கே வந்து சேர்ந்தார். நாம் அவரைத் "தாய்நாடு திரும்பியவர்" என்று கருதி வரவேற்றோம். அவரோ அயல்நாட்டுக்கு வந்தவரைப் போலவே தெருவை அஞ்சி அஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மாலை நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து, அவரைக் கீரை நறுக்கிக்கொண்டிருந்த நம் அத்தையிடம் அவர் கேட்டார்: "அக்கா, இந்த ஊரில் சைவ மட்டன் எங்கே கிடைக்கும்?"

அத்தைக்கு வயது எழுபத்தைந்து. திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். முட்டை வைத்த கூடை எதிரே வந்தாலும் ஒதுங்கி நிற்பவர். கையிலிருந்த அரிவாள்மணையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, "சைவம் என்கிறீர்கள், மட்டன் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், அம்மா!" என்றார்.

இந்த இடத்தில் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கறி என்ற சொல்லே தமிழர்களுக்குள் பெரிய குழப்பத்தை விளைவிக்க வல்லது. சங்க நூல்களில் கறி என்றால் மிளகு. மயிலாப்பூர் அக்கிரகார வீடுகளில் கறி என்றால் வாழைக்காயோ, கத்தரிக்காயோ. வைஷ்ணவர்கள் அதற்கு மரியாதை சேர்த்துக் கறியமுது என்பார்கள். அதே மயிலாப்பூரில் நான்கு தெரு தள்ளிக் கறிக்கடை என்று பலகை தொங்கினால், அங்கே ஆடு தொங்கும். ஈழத்துத் தமிழர்கள் இந்தச் சங்கடத்தை உத்தேசித்தோ என்னவோ, காய்கறியை மரக்கறி என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஆகவே "சைவ மட்டன்" என்ற பெயரைக் கேட்டு அத்தை திகைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பினாங்கு அம்மாள் பொறுமையாக விளக்கினார். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சீனர்கள் அதிகம். அவர்களில் பௌத்த சமயப் பற்றுள்ளவர்கள் சாந்திரமான மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் உண்பதில்லை. சீனத்துப் பௌத்த மடங்களில் விருந்தினருக்காக, கோதுமையின் பசைச் சத்து, சோயாப் பாலின் ஏடு, காளான் முதலியவற்றைக் கொண்டு இறைச்சி போலவே தோன்றும் பண்டங்களைச் செய்யும் வழக்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சோங் வம்சத்து அரசர்கள் காலத்திலேயே, உண்டாகியிருந்தது. கப்பலேறிய சீனர்களுடன் அந்தக் கைவேலையும் மலேயாவுக்கு வந்தது. அங்கிருந்த நம்மவர்கள் அதை வாங்கி, சோம்பும் பட்டையும் கறிவேப்பிலையும் மிளகாயும் சேர்த்து வறுத்துத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். வெள்ளிக்கிழமை விரதத்திலும், புரட்டாசியிலும், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நோன்பிருக்கும் நாட்களிலும் அங்கே அது சர்வ சாதாரணம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளிலும் சைவ மட்டன் வறுவல் பரிமாறுவார்கள்.

"விரதம் இருக்கிறவனுக்கு மட்டன் ஞாபகம் எதற்கு?" என்று அத்தை கேட்டார்.

நியாயமான கேள்விதான். அந்த அம்மாள் சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு பதில் சொன்னார். அவருடைய கணவர் பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மாமிசம் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர். அவருடைய தாயார் மரணப் படுக்கையில் இருந்தபோது, இனிமேல் புலால் தொடுவதில்லை என்று தாயாரின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார். சத்தியத்தை மீறவும் மனம் இல்லை; சாப்பிடவும் முடியவில்லை. இரண்டு மாதம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். மேனி இளைத்தது. அப்போது அடுத்த வீட்டுச் சீனக் கிழவி ஒரு கிண்ணத்தில் தான் செய்த பண்டத்தைக் கொண்டு வந்து கொடுத்து, "உங்கள் மசாலாவில் போட்டுப் பார்" என்றாள். அன்றைக்குத்தான் அந்த மனிதர் மறு சோறு கேட்டார். அதன் பிறகு முப்பத்தோரு வருஷம் சத்தியம் தவறவில்லை.

"போன ஆவணியில் அவர் போய்விட்டார். வருகிற ஆவணியில் முதல் வருஷத் திதி. இலை போட்டுப் படைக்க வேண்டும். அது இல்லாமல் எப்படி, அக்கா, இலை போடுவேன்?"

அத்தை ஒன்றும் பேசவில்லை. நம்மைப் பார்த்து, "இந்த அம்மாளை அழைத்துக்கொண்டு போய் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

மாட வீதியும் லஸ்ஸும்

மறு நாள் காலை தெற்கு மாட வீதியில் ஆரம்பித்தோம். அங்கே காய்கறி விற்கும் அம்மாள்களில் ஒருத்தி, விஷயத்தைக் கேட்டவுடன் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவள். "மாமிச ருசி வேண்டும் என்றால் பலாப் பிஞ்சுதான். ஆனால் பங்குனி, சித்திரையில் வந்திருக்க வேண்டும். இப்போது ஏது?" என்றாள். பிறகு சேனைக்கிழங்கைத் தட்டிக் காட்டினாள். வாழைப்பூவைக் காட்டினாள். வாழைக்காயை வட்டமாக நறுக்கி, மீனுக்குத் தடவுகிற மசாலாவைத் தடவித் தோசைக் கல்லில் போட்டால், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது என்று சாதித்தாள். பினாங்கு அம்மாள் எல்லாவற்றையும் மரியாதைக்காக ஒவ்வொரு கால் கிலோ வாங்கிக்கொண்டார். ஆனால் முகம் மலரவில்லை.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் மட்டும், "தலைமுறை தலைமுறையாகக் கறி சாப்பிடாத ஊரில் போலிக் கறிக்கு யார் வருவார்கள்?" என்று கேட்டார். உண்மைதான். நமக்கு அது இல்லை என்ற குறையே தோன்றியதில்லை. ஆகையால் அதற்குப் பதில் ஒன்றையும் நாம் தேடியதில்லை.

வெறுங்கையோடு லஸ் முனைக்கு நடந்தோம். லஸ் சர்ச் சாலை வந்ததும் கணித மேதை ராமானுஜனுடைய ஞாபகம் வந்தது. அவர் இங்கிலாந்திலிருந்து நோயாளியாகத் திரும்பி வந்த 1919-ம் வருஷத்தில் சில காலம் இந்தச் சாலையில் ஒரு வீட்டில் குடியிருந்தார். 1914 மார்ச் 17-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர். கேம்பிரிட்ஜில் தம் அறையிலேயே அடுப்பு வைத்துக்கொண்டு, தாமே சமைத்துச் சாப்பிட்டார். யுத்த காலம், காய்கறி கிடைப்பது அரிது, ஊரிலிருந்து வருகிற பொட்டலங்களும் நிச்சயமில்லை. ருசியை அடக்கக் கற்றுக்கொண்டதாகவும், சோறும் உப்பும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் இருந்தால் போதுமென்றும் ஊருக்கு எழுதினார். ஒரு சமயம் நண்பர்களுக்கு விருந்து வைத்து, ரசம் பரிமாறினார். மூன்றாம் தடவை பரிமாற வந்தபோது அவர்கள் போதும் என்று மறுக்கவே, மனம் புண்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிச் சில நாள் கழித்தே திரும்பி வந்தார் என்பது பிரசித்தமான செய்தி. 1920 ஏப்ரல் 26-ந் தேதி, முப்பத்திரண்டு வயதில், சேத்துப்பட்டில் காலமானார். நோய்க்கு உணவுதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த ரசத்தில் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் இருந்தது என்பதைத்தான் நினைத்துக்கொண்டோம்.

இதைக் கேட்ட பினாங்கு அம்மாள், "பாவம், பக்கத்து வீட்டில் ஒரு கிழவி இருந்திருக்கக் கூடாதா!" என்றார்.

தியாகராய நகர்

தியாகராய நகருக்குப் போகும் வழியில் கதீட்ரல் சாலை குறுக்கிட்டது. 1919 மார்ச்சு மாதத்தில் மகாத்மா காந்தி இந்தச் சாலையில் ஒரு வீட்டில் ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். ரௌலட் சட்டத்துக்கு எதிராகத் தேசம் முழுவதும் கடையடைப்பும் உபவாசமும் நடத்தலாம் என்ற எண்ணம் ஒரு விடியற்காலையில் அவருக்கு உதித்தது இங்கேதான். இப்போது அந்த வீடு இல்லை.

உபவாசத்தை ஆயுதமாக்கிய அதே மனிதர், 1888-ம் வருஷத்தில், பத்தொன்பது வயதில், லண்டனில் பசியோடு தெருத் தெருவாக அலைந்தவர். மது, மாது, மாமிசம் தொடுவதில்லை என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, மலிவான கடைகளில் ரொட்டியை மட்டும் தின்று வயிற்றை நிரப்பியும் திருப்தி உண்டாகவில்லை. கடைசியில் பாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்டபோது, குழந்தைக்கு ஆசைப்பட்ட பண்டம் கிடைத்தது போன்ற ஆனந்தம் அடைந்ததாகத் தம் சுயசரிதையில் சொல்கிறார். பிற்பாடு மசாலாவின் மேலிருந்த ஆசையும் போய், மசாலா இல்லாமல் வேகவைத்த கீரையே சுவைத்தது. ருசிக்கு இருப்பிடம் மனசுதான் என்று அவர் முடிவு கட்டினார். 1935-ம் வருஷத்தில் வார்தாவில் சோயா மொச்சையைச் சமைத்துப் பரிசோதனை செய்து, "ஹரிஜன்" பத்திரிகையில் அதைப் பற்றி எழுதியவரும் அவரே.

அந்தச் சோயா மொச்சையின் பேத்தியைத்தான் பாண்டி பஜாருக்கு அருகே ஒரு கடையில் சந்தித்தோம். ஆடித் தள்ளுபடிக் காலம். ஒரு காலத்தில் நீண்ட ஏரி பரந்து கிடந்த இந்தப் பேட்டையில், ஆடி மாதத்தில் ஜன வெள்ளம் புரள்வதைப் பார்த்தால், ஏரி போய்விட்டது என்று சொல்லத் துணிய மாட்டோம். நீந்திக் கரையேறிக் கடைக்குள் நுழைந்ததும், கடைப் பையன் யோசிக்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். "மீல் மேக்கர், அம்மா. எல்லாரும் பிரியாணிக்கு இதைத்தான் வாங்குகிறார்கள்."

மீல் மேக்கரைப் பற்றி இரண்டு வார்த்தை. வியாபாரப் பெயராக வந்து, தமிழ்நாட்டில் பொருளின் பெயராகவே நிலைத்துவிட்ட சொல் இது. சோயா மொச்சையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவை, நீர் சேர்த்து, உஷ்ணத்தோடும் அழுத்தத்தோடும் யந்திரத்தின் சிறு துவாரத்தின் வழியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் நீங்கி, மாவு பொரிந்து பஞ்சு போலாகிறது. உலர்ந்த நிலையில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய ஐம்பது கிராம் புரதம். ஏழை வீட்டுச் சத்துணவு என்ற அளவில் அதற்குக் குறை சொல்வதற்கில்லை.

அன்றிரவே அந்த அம்மாள் அதை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, மசாலாவில் வறுத்துப் பார்த்தார். மறு நாள் கேட்டோம். "மசாலாவைக் குடிக்கிறது, பல்லுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது" என்றார்.

அடையாறு

திதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் அடையாற்றுக்குப் போனோம். திரு.வி.க. பாலத்தின் மேல் போகும்போது, இடது கைப்பக்கம் ஆற்றங்கரை முழுவதும் பச்சைப் பசேலென்று தெரிவது பிரம்மஞான சபையின் தோட்டம். 1875-ம் வருஷத்தில் நியூயார்க்கில் ஆரம்பித்த சபை 1882-ல் இங்கே தலைமை ஸ்தலத்தை அமைத்தது. அன்று முதல் எத்தனையோ தேசத்து ஸ்திரீ புருஷர்கள், மாமிசம் விட்டவர்கள், இந்த மரங்களின் நிழலில் வாழ்ந்திருக்கிறார்கள். நமக்கு ஹோம் ரூல் மந்திரத்தை உபதேசித்த அன்னி பெசன்ட் அம்மையார் அவர்களில் தலையானவர். அவர்களுக்குள்ளும் இந்திய முறைச் சைவச் சாப்பாட்டுக்குப் போஜனசாலை, மேல்நாட்டு முறைச் சைவச் சாப்பாட்டுக்கு லெட்பீட்டர் சேம்பர்ஸ் என்று இரண்டு ஏற்பாடுகள் இருந்தன! கொள்கை ஒன்றாயிருந்தும் நாக்கு இரண்டு. மேல்நாட்டுச் சைவர்களும் ஊர் ருசியை மறக்க முடியாமல் தவித்தவர்கள்தாம். அமெரிக்காவில் கெல்லாக் என்ற வைத்தியர் தம் ஆரோக்கிய நிலையத்துக்காக 1890-களிலேயே நிலக்கடலையைக் கொண்டு மாமிசத்துக்குப் பதில் பண்டம் செய்து கொடுத்தார். ஆகவே பினாங்கு அம்மாளின் தேட்டம் புதுமையானதல்ல.

அடையாற்றுக் கடை ஒன்றில் குளிர்ப் பெட்டியைத் திறந்தபோது, அந்த அம்மாள் சிறு பெண்ணைப் போலக் கூவிவிட்டார். உள்ளே தெம்பே இருந்தது! ஜாவாத் தீவில் தோன்றிய பண்டம் அது. வேகவைத்த சோயா மொச்சையில் ஒரு வகைப் பூசணத்தை விதைத்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, வெள்ளைக் கட்டியாக்கி விற்பார்கள். "எங்கள் தெருவில் மலாய்க்காரி வாழை இலையில் கட்டி விற்பாள்!" என்று பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கிய டோஃபுவும் இருந்தது. தேடி வந்தது மட்டும் இல்லை. கடைக்காரர் மரியாதையாக, வரவழைத்துத் தருகிறேன், ஒரு மாதம் ஆகும் என்றார். ஒரு மாதத்துக்கு ஆவணி காத்திருக்குமா?

அத்தையின் கண்டுபிடிப்பு

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, அந்த அம்மாள் தமக்குத் தாமே பேசிக்கொள்பவரைப் போலச் சொன்னார்: "கிழவி செய்வதை ஒரு நாள் நின்று பார்த்திருக்கலாம். அவள் இருந்தவரையில் அவள் கொடுத்தாள். அப்புறம் கடையில் வாங்கினேன். மாவைத் தண்ணீரில் கழுவிக் கழுவிச் செய்வது என்று சொல்வாள். மாவைக் கழுவினால் கரைந்து போகாதோ? அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன்."

உள்ளேயிருந்த அத்தை வெளியே வந்தார். "என்ன மாவு?"

"கோதுமை மாவு என்றுதான் ஞாபகம்."

"தண்ணீர் வெள்ளையாகப் போகுமா?"

"பால் போலப் போகும் என்பாள்."

அத்தை நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட, பரமசிவமே! அது அல்வாச் சக்கையல்லவா!"

நேயர்களில் கோதுமை அல்வா கிண்டிப் பழகியவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். அல்வாவுக்கு வேண்டியது கோதுமைப் பால்; அதாவது மாவுச் சத்து. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுப்பது திருநெல்வேலி முறை. அவசரக்காரர்கள் மைதா மாவைப் பிசைந்து, ஊறவைத்து, தண்ணீரில் கசக்கிப் பாலெடுப்பார்கள். பால் முழுவதும் போனபின் கையில் ரப்பர் போல இழுபடும் ஒரு பசைக் கட்டி மிஞ்சும். தண்ணீரில் கரையாத கோதுமைப் புரதம் அது. சீனர்கள் அதற்கு மாவின் நரம்பு என்று பொருள்படும் பெயரிட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் சக்கை; இடம் குப்பைத் தொட்டி. மயிலாப்பூர் முழுவதும், தியாகராய நகர் முழுவதும் நாம் தேடி அலைந்த பொருளை, தீபாவளிக்குத் தீபாவளி அத்தை தம் கையாலேயே வீசியெறிந்து வந்திருக்கிறார்!

அன்றைக்கே ஒரு கிலோ மைதா வந்தது. அத்தை பிசைந்தார், ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டார். பிறகு இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு கசக்கினார்கள். முதல் தண்ணீர் பாலாக வந்தது. அதை அத்தை பத்திரமாக ஒரு பாத்திரத்தில் ஊற்றினார். இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. கையில் கால் கிலோ அளவுக்கு மங்கலான உருண்டை ஒன்று நின்றது. பினாங்கு அம்மாள் அதை இழுத்துப் பார்த்தார். மீண்டும் இழுத்துப் பார்த்தார். கண்ணில் நீர் துளித்தது. "இதுதான், அக்கா" என்றார்.

திதியன்று எதிர் வீட்டுக்கு நாமும் போயிருந்தோம். அந்த உருண்டையை ஆவியில் வேகவைத்து, கையால் நார் நாராகப் பிய்த்து, சோம்பு, பட்டை, அன்னாசிப் பூ, இஞ்சி, பூண்டு, மிளகாய், கறிவேப்பிலையுடன் கருகக் கருக வறுத்து, படத்தின் முன்னே போட்ட இலையில் நடுநாயகமாக வைத்திருந்தார் அந்த அம்மாள். அதன் பக்கத்தில், எடுத்த பாலில் அத்தை கிண்டிய அல்வா பளபளத்தது. ஒரே மாவிலிருந்து வந்த இரண்டும் ஒரே இலையில் இருந்தன. பேரன் இலையைப் பார்த்துவிட்டு, "தாத்தா வீட்டு வாசனை" என்றான்.

அத்தை வறுவலை உண்ணவில்லை. "கண்ணுக்கு மாமிசமாகத் தெரிகிறதே, அம்மா, எழுபத்தைந்து வருஷப் பழக்கம்" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மாளும் வற்புறுத்தவில்லை. ஒருவருக்குப் பழகிய சுவை; மற்றவருக்குப் பழகிய விலக்கு. இரண்டும் வீட்டிலிருந்து வந்தவையே என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. வழக்கம் போல அத்தை அல்வாவுக்குப் பாலெடுத்தார். முடிந்ததும் சக்கையைக் கழுவி, ஒரு தூக்குப் பாத்திரத்தில் போட்டு மூடினார். "எதிர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னும் இரண்டு தண்ணீர் கழுவச் சொல்லுங்கள்" என்று நம்மிடம் நீட்டினார்.